12 மணி நேர வேலையா? புதிய தொழிலாளர் சட்டங்களும் மும்பை ஆலைகளின் பழைய கணக்கும்

2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தின் உச்சவரம்பு 9 மணியிலிருந்து 12 மணியாகும். கடைகளிலும் அலுவலகங்களிலும் அது 9 மணியிலிருந்து 10 மணியாகும். அடுத்த இரண்டு மாதத்தில், நவம்பர் 21 அன்று, மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவை நாளைக்கு 8 மணி நேரம் என்கின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாட்டுங்காவிலும் உள்ள தமிழர்களிடையே இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. "இனி எல்லாருக்கும் 12 மணி நேரமாம்" என்று ஒரு பக்கம், "இனி எல்லாருக்கும் பி.எஃப். உண்டாம்" என்று இன்னொரு பக்கம் பேச்சு ஓடுகிறது. இரண்டுமே சரியல்ல.

மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இந்தச் சட்டங்கள் பிடிபடாது. இந்த நகரத்தில் வேலை நேரச் சண்டை தொடங்கி 140 ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்தவை இரண்டு கேள்விகள்: சட்டம் யாரைத் தொழிலாளி என்று எண்ணுகிறது? அந்தத் தொழிலாளிக்காகப் பேசும் உரிமையை யாருக்குக் கொடுக்கிறது? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பழைய கதைக்குள் போய்வந்தால் புதிய சட்டம் தெளிவாகும்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

"தொகுப்பு" என்றால் ஏற்கனவே இருந்த பல சட்டங்களை ஒன்றாக்கி எழுதியது. 29 மத்திய சட்டங்கள் நான்காகச் சுருக்கப்பட்டிருக்கின்றன: ஊதியம் பற்றியது 2019இல் நிறைவேறியது, தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020இல் நிறைவேறின. சட்டப் புத்தகத்தில் ஐந்தாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு இப்போது எழுந்திருக்கின்றன.

நேரத்தைப் பற்றி மட்டும் சொன்னால்:

1. அடிப்படை வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம். அதற்கு இரட்டைக் கூலி. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.

2. ஓவர்டைம் எவ்வளவு வரை போகலாம் என்பதை அரசு விதிகள் வகுத்துத் தீர்மானிக்கும். தொழிலாளர் விவகாரம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநில விதிகளுக்கு இங்கே பெரிய இடமுண்டு.

3. மகாராஷ்டிர முடிவு சொல்லும் 12 மணி ஒரு நாளின் உச்சவரம்பு. வாரக் கணக்கு அப்படியே நிற்கிறது. 48ஐத் தாண்டினால் இரட்டைக் கூலி. ஆனால் மூன்று மாதத்துக்கு 115 மணி என்றிருந்த ஓவர்டைம் வரம்பை அதே முடிவு 144 மணியாக்கியது.

4. பழைய தொழிற்சாலைகள் சட்டம் இப்போது தொகுப்புக்குள் போய்விட்டது. கடைகள், நிறுவனங்கள் சட்டம் மாநிலத்தினுடையது. அது தனியாக நிற்கிறது. ஆகவே மளிகைக் கடையில் நிற்பவருக்கும் பட்டறையில் நிற்பவருக்கும் ஒரே விதி கிடையாது.

அந்த 144ஐக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். மூன்று மாதம் என்பது 13 வாரம். வாரத்துக்குச் சராசரி 11 மணி. 48உடன் சேர்த்தால் 59. இந்தியாவில் வாரத்துக்கு 60 மணி என்று சட்டம் சொன்ன ஆண்டு 1922. அன்று இரட்டைக் கூலி இல்லை, சம்மதம் கேட்கும் வழக்கமும் இல்லை. அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் உடம்பு படும் பாடு 59க்கும் 60க்கும் ஒன்றுதான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் தைரியம் எந்தத் தொழிலாளிக்கு வரும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

விளக்கு வந்தது, நாள் நீண்டது

பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனத்தைக் காவஸ்ஜி தாவர் 1854இல் தார்தேவில் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, பம்பாய்ப் பருத்திக்கு இங்கிலாந்தில் தங்க விலை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி பரேல், லால்பாக், பைகுல்லா பக்கம் புகைபோக்கிகளாக எழுந்தது. ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே அறையில் பலர் படுத்தெழும் சால்கள் கட்டப்பட்டன. ஆலைச் சங்கு ஊதுவதே, மராத்தியில் 'போங்கா', அந்த வட்டாரத்துக்குக் கடிகாரம்.

ஆரம்பத்தில் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது சூரியன். விடிந்தால் எந்திரம் ஓடும், இருட்டினால் நிற்கும். கோடையில் நாள் நீளம், குளிர்காலத்தில் குறைவு. பிறகு ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. வேலை நாள் 14, 15 மணி வரை நீண்டது.

முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்ததற்கு ஒரு காரணம் மான்செஸ்டர், இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலை நகரம். இந்திய ஆலைகள் மலிவான உழைப்பை நீண்ட நேரம் ஓட்டி நூல் விற்றால் தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று லங்காஷயர் முதலாளிகள் அரசை நெருக்கினார்கள். பம்பாயில் சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற சிலர் மனிதாபிமானத்தோடு இதே கோரிக்கையை எழுப்பினார்கள். ஆனால் தேசியப் பத்திரிகைகள் பல இதை எதிர்த்தன: வளரும் இந்தியத் தொழிலை நசுக்க ஆங்கிலேயர் செய்யும் சூழ்ச்சி இது என்றன. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்காக ஏழு வயதுக் குழந்தை நூல் இழுப்பது சரியாகிவிடாது. கடைசியில் வந்த சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 7 முதல் 12 வயது வரை 9 மணி நேரம் என்றது. பெரியவர்களைப் பற்றி அது பேசவே இல்லை. அதுவும் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும்தான். அந்த 100 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது

பெரியவர்களின் குரல் முதலில் எழுந்தது சாதி ஒழிப்பு இயக்கத்திலிருந்து. இது தற்செயலல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் புனேயில் சத்திய சோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவர். 1880இல் 'தீனபந்து' பத்திரிகையைப் பம்பாயிலிருந்து நடத்தத் தொடங்கினார்.

1884 செப்டம்பரில் ஆலைத் தொழிலாளர்களை இரண்டு முறை கூட்டினார். 5,500 பேர் கையொப்பமிட்ட மனு தயாரானது. கேட்டவை ஐந்து: ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரை மணி ஓய்வு, காலை ஆறரை மணிக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது வேலை முடிய வேண்டும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சம்பளம், வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை முழுக்கூலி. அந்தக் கடைசி இரண்டையும் தாராவியில் இன்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

மனு ஆறு ஆண்டு கிடந்தது. 1890 ஏப்ரல் 24 அன்று மகாலட்சுமி மைதானத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் திரண்டார்கள். இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். 1890இல், ஒரு ஆலைக் கூட்டத்தில்! ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, 1891 திருத்தச் சட்டத்தில், அது எழுத்தானது. அதே சட்டம் பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு போட்டது.

இதே லோகண்டேதான் விதவைகளுக்கு மொட்டையடிக்க மாட்டோம் என்று பம்பாய் நாவிதர்களைத் திரட்டியவர். ஞாயிறு லீவும் விதவையின் தலைமுடியும் அவருக்கு ஒரே வழக்கு. பின்னால் வந்த தொழிற்சங்க வரலாறுகள் இவரைக் 'கருணை உள்ளம் கொண்ட முன்னோடி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டன. அது நியாயமே இல்லை.

சட்டம் வந்தால் நடைமுறை வந்துவிடுமா? 1891இல் வார விடுமுறை சட்டமாகிவிட்டது. 17 ஆண்டு கழித்து, 1908 பிப்ரவரி 27 அன்று, தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று வார விடுமுறை. புத்தகத்தில் இருந்ததைக் கையில் வாங்கத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை விதித்தபோது, ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் பம்பாய் ஆலைகளை நிறுத்தினார்கள் தொழிலாளர்கள்.

நாடாவை உறிஞ்சும் வாய்

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தறி நாடா. இரு முனையும் கூர்மையாக, ஒரு சிறு படகு போல இருக்கும். அதன் வயிற்றில் ஊடை நூல் சுற்றிய தார் உட்காரும். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. தார் தீர்ந்ததும் நெசவாளி நாடாவை வெளியே எடுத்து, புதுத் தாரைப் போட்டு, நூல் முனையைத் துளைக்குப் பக்கத்தில் வைத்து, துளையில் வாயை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். நூல் வெளியே வரும். நாளெல்லாம் இதே வேலை. பஞ்சுத் தூசியும் சாயமும் கஞ்சியும் நேராக நெஞ்சுக்குள் போகும். ஒருவர் வாய்வைத்த நாடாவில் அடுத்த ஷிப்டுக்காரர் வாய் வைப்பார்.

ஆலையில் நல்ல கூலி நெசவுப் பிரிவில்தான். அந்தப் பிரிவுக்குள் தலித்துகளை விடவில்லை. காரணம் இந்த நாடா. தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதித் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதனால் தலித்துகள் கூலி குறைந்த நூற்புப் பிரிவில் நின்றார்கள். ஆள் எடுப்பவர் ஜாபர். அவர் தம் ஊரிலிருந்து, தம் சாதியிலிருந்து ஆள் எடுப்பார். நிரந்தர வேலை இல்லாதவர் 'பத்லி': தினம் காலையில் வாசலில் நின்று, யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்குப் போகிறவர்.

1928 ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று. கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய கிர்ணி காம்கார் யூனியன் அதில் பிறந்தது. பரேலில் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய பி.ஐ.டி. சாலில் குடியிருந்த அம்பேத்கர் அப்போது ஒரு கேள்வி கேட்டார்: நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறந்துவிடுவது உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஏன் இல்லை? சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் அதைச் சேர்த்தார்கள்.

இதைப் பம்பாயின் தனிக்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்நின்றார்கள். 1921இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. சங்கம் சொன்னது: அவர்கள் கருங்காலிகள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா தரப்பு சொன்னது: எங்களைச் சமமாக நடத்தாத உங்கள் சண்டையில் நாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? என் கருத்தில், ராஜா கேட்டதற்கு அன்றைய சங்கத்திடம் பதில் இல்லை.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார்: பார்ப்பனியம், முதலாளித்துவம். பலருக்கு அந்தப் பேச்சு சித்தாந்தமாகத் தெரிகிறது. நாடாவை அறிந்தவர்களுக்கு அது பணியிட விவரம்.

பேச யாருக்கு உரிமை?

அதே 1938இல் பம்பாய் மாகாண அரசு ஒரு தொழில் தகராறு மசோதா கொண்டுவந்தது. முதலில் சமரசப் பேச்சு, அது முடியும்வரை வேலைநிறுத்தம் குற்றம். அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் கைகோத்து நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திரத்துக்கு இன்னொரு பெயர் என்பது அம்பேத்கரின் வாதம். பத்தாண்டுக்கு முன் நாடா விஷயத்தில் மோதிக்கொண்டவர்கள் இந்த மசோதாவுக்கு எதிராக ஒன்றானார்கள்.

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். அந்தக் காலத்தில்தான் வாரம் 54 மணி 48 ஆனது. 1946 திருத்தம் அதைச் சட்டமாக்கியது. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டம் அதையே எடுத்துக்கொண்டது.

அதே 1946இல் பம்பாயில் வந்த இன்னொரு சட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை: பம்பாய் தொழில் உறவுச் சட்டம். ஒரு தொழிலுக்கு ஒரு வட்டாரத்தில் ஒரே 'பிரதிநிதித்துவச் சங்கம்'. அது மட்டுமே முதலாளியோடு பேசலாம், ஒப்பந்தம் போடலாம். பஞ்சாலைகளுக்கு அந்த அந்தஸ்து காங்கிரஸ் சார்பான ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்குக் கிடைத்தது. தொழிலாளர்கள் மனம் மாறிய பிறகும் அந்தஸ்து மாறவில்லை.

இதற்கு நடுவில் நகரத்தின் பேச்சே மாறியது. 1966இல் சிவசேனை பிறந்தது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். மராத்தியருக்குரிய வேலையைப் பறிக்கிறார்கள் என்று. அடிவாங்கிய தலைமுறை இன்னும் இந்த நகரத்தில் இருக்கிறது. பரேலில் அடி விழுந்தது கம்யூனிஸ்டுகள் மேல்: 1970 ஜூனில் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் கொல்லப்பட்டார். கூலி கேட்டு ஒன்றாக நின்ற தெருக்களில், நீ எந்த மொழிக்காரன் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது.

1982 ஜனவரி 18. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கூலி உயர்வும் பத்லிகளின் நிரந்தரமும் கோரிக்கைகள். அவற்றோடு, அந்த 1946 சட்டத்தை எடுத்துவிட வேண்டும், நாங்கள் நம்பும் ஆள் எங்களுக்காகப் பேச வேண்டும் என்பதும். சாமந்தோடு பேச அரசு மறுத்தது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இருக்கிறதே என்றது. ஓராண்டுக்கு மேல் இழுத்தது. வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை. கரைந்து போனது. துணி உற்பத்தி மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியின் விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நகர்ந்தது. 1991இல் ஆலை நிலங்களை விற்க விதி வந்தது. 2001இல் அது மேலும் தளர்ந்தது. லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இன்று மால் இருக்கிறது.

புதிய தொழில் உறவுத் தொகுப்பைப் படிக்கும்போது 1938ம் 1982ம் நினைவுக்கு வராமல் போகாது:

1. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்ட பேச்சுவார்த்தைக் குழு. பழைய பம்பாய்ச் சட்டத்தைவிட இது மேல். எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் 19 சதவீதக்காரர்கள் எப்போதும் அறைக்கு வெளியேதான். 1928இல் நெசவுப் பிரிவுக்கு வெளியே நின்றவர்கள் சிறுபான்மைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

2. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயம். முன்பு இது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. அறிவிப்புக் கொடுத்ததும் பேச்சு தொடங்கினால், சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய நாளே கிடைக்காமல் போகலாம்.

3. பாதிப் பேர் சேர்ந்தாற்போல் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்.

4. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்பட்ட வரம்பு 100 பேராக இருந்தது, இப்போது 300.

100, 50, 20, 10, மறுபடி 20

இப்போது அந்த 100க்குத் திரும்பலாம். மின்சாரமோ நீராவியோ பயன்படுத்தும் ஓர் இடம் எத்தனை பேர் இருந்தால் 'தொழிற்சாலை'? 1881இல் 100. 1891இல் 50. 1922இல் 20. 1948இல் 10. ஒவ்வொரு படியும் இறங்கும்போது இன்னும் சிறிய பட்டறை சட்டத்தின் கண்ணில் பட்டது. 67 ஆண்டு இறங்கி வந்த இந்த எண் 2020 தொகுப்பில் 20க்கு ஏறியிருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20ஆக இருந்தது 40 ஆகியிருக்கிறது. ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் 2014 முதலே தம் அளவில் இப்படி மாற்றத் தொடங்கியிருந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பும் 20இலிருந்து 50 ஆகியிருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் கேட்க வேண்டும். வரம்பு தாழ்வாக இருந்தால் முதலாளி ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வார், பட்டறை வளராது, வேலைவாய்ப்பு பெருகாது என்கிறார்கள். ஒன்பது பேரோடு நிறுத்துகிறார்கள் என்பது உண்மை. வரம்பை 20 ஆக்கினால் 19இல் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். 10 முதல் 19 பேர் வரை உள்ள பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இழப்பது என்ன என்பதை அந்த வாதம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றைச் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 'நிறுவனம்' என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறது. அதற்குப் பொதுவாகப் பத்துப் பேர் போதும். 8 மணி நேரம், நியமனக் கடிதம் போன்றவை நிறுவனத்துக்கே பொருந்தும். ஆகவே 10 முதல் 19 பேர் வரை உள்ள பட்டறை சட்டத்துக்கு முழுக்க வெளியே போய்விடவில்லை. தொழிற்சாலைக்கென்று உள்ள கூடுதல் பாதுகாப்பும் மேற்பார்வையும்தான் போய்விட்டன. பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொகுப்பின் நேரக் கணக்கு பொதுவாகப் பொருந்தாது.

தாராவியில் ஒரு மாடி அறை

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தாராவித் தோல் பதனிடும் இடங்களுக்கு வந்திருக்கிறார்கள். பதனிடுதல் பெரும்பாலும் நகர்ந்துவிட்டது. பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இரும்பு ஏணியில் ஏறினால் தலை இடிக்கும் உயரத்தில் ஓர் அறை. நான்கு தையல் எந்திரம். தரையில் உட்கார்ந்து ஒருவர் தோலுக்குப் பசை தடவுகிறார், ஒருவர் ஓரம் சீவுகிறார். ஜன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று. பசை வாசனை கண்ணில் எரியும். கூலி ஒரு பைக்கு இவ்வளவு என்று. ஆர்டர் வந்தால் இரவு பதினொன்று வரை எந்திரம் ஓடும். வராவிட்டால் ஊருக்குப் போய்வர வேண்டியதுதான். தூங்குவதும் அதே அறையில்.

அறையில் எட்டுப் பேர். அடுத்த மாடியில் ஏழு பேர், எதிரே ஆறு பேர். சில இடங்களில் மூன்றும் ஒரே முதலாளியுடையவை, பெயர்கள் வேறு. சேர்த்தால் 21, பிரித்தால் மூன்றுமே பத்துக்குக் கீழே. ஊர் பேசும் அந்த 12 மணி நேரம் இந்த அறையில் தைப்பவருக்குப் புதிதல்ல. தொகுப்பின் 8 மணி நேரமும் இவரைத் தொடுவதில்லை. அவருக்காகப் பேசும் சங்கமும் இல்லை. 51 சதவீதம் என்பது யாரோ எண்ணும்போதுதான் வரும். தாராவி மறுசீரமைப்பு பற்றிய பேச்சில் வீடு யாருக்கு என்பது தினமும் அடிபடுகிறது. பட்டறை யாருக்கு, அதில் வேலை செய்பவர் எங்கே போவார் என்பது அந்த அளவு பேசப்படுவதில்லை. அதுவும் பேசப்பட வேண்டியது.

உங்கள் இடத்தில் எது பொருந்தும்

1. எத்தனை பேர் இருந்தாலும், ஒரே ஒருவர் இருந்தாலும், குறைந்தபட்சக் கூலி உண்டு. ஊதியத் தொகுப்பு எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவானது. நான்கில் மிக நல்ல பகுதி இதுதான் என்பேன்.

2. 10 பேர் இருந்தால்: 8 மணி நேரம், இரட்டைக் கூலி ஓவர்டைம், நியமனக் கடிதம், இ.எஸ்.ஐ., பணிக்கொடை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு.

3. 20 பேர் இருந்தால் பி.எஃப். மின்சாரம் பயன்படுத்தும் பட்டறை தொழிற்சாலையாவதும் இந்த எண்ணில்தான்.

4. சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் இருந்தால், பாதியைத் தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி பி.எஃப்.பைக் குறைக்கும் வழக்கத்துக்கு இது தடை. மாதாமாதம் கைக்கு வருவது கொஞ்சம் குறையலாம், சேமிப்பு கூடும்.

5. செயலி மூலம் உணவோ பொட்டலமோ கொண்டுபோய்க் கொடுப்பவர் முதல் முறையாகச் சட்டத்தில் பெயர் பெற்றிருக்கிறார். செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கொடுக்க வேண்டும்; அது அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் வேலை நேர வரம்பு இவர்களுக்கு இல்லை.

6. ஊரிலிருந்து தானாகக் கிளம்பி வந்தவரும் இப்போது வெளிமாநிலத் தொழிலாளர்தான், மாதம் 18,000 ரூபாய் வரை சம்பாதித்தால். முன்பு ஏஜெண்ட் கூட்டிவந்தால் மட்டும்தான் அந்தப் பெயர். மாடி அறைக்காரர்கள் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்துகொள்ளலாம், பதிவு இலவசம்.

7. கூலி பாக்கியா? கோரிக்கை மனு போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஆனால் அங்கே வேலை செய்ததைக் காட்டத் தொழிலாளி கையில் ஏதாவது இருக்க வேண்டும். எத்தனை பை தைத்தோம், எந்தத் தேதி, எவ்வளவு வந்தது என்று ஒரு சின்ன நோட்டில் தமிழில் எழுதி வைத்தால்கூடப் போதும், பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவரும் அதே போல் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.